முதல் மனு

வக்கீலாகப் பதிவு செய்த புதிதில் நான் கோர்ட்டில் நின்ற நேரத்தைவிடப் போலீஸ் ஸ்டேஷனில் காத்திருந்த நேரம்தான் அதிகம். வட மாவட்டத்தில், முந்திரிக் கம்பெனிகள் நிறைந்த ஒரு சிறிய ஊர். என் சீனியரிடம் குடும்ப வழக்குகள் நிறைய வரும். மனுவை எழுதி முடித்ததும், "கூடப் போய் சி.எஸ்.ஆர். வாங்கிக் கொடுத்துட்டு வாம்மா" என்பார். மனு கிடைத்தது என்பதற்கான ரசீது அது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு. ஆனால் எண் போட்ட அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

2017இல் அப்படி நான் அழைத்துப் போன ஒருவர், முந்திரி உடைக்கும் வேலை பார்த்த பெண். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கணவர் அடிப்பது அவருக்குப் புதிதல்ல. "வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்" என்று சொல்லத் தொடங்கியதுதான் புதிது. கொடுவாளைச் சாணை பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அதையும் மனுவில் எழுதினோம். ஸ்டேஷன் ரைட்டர் படித்துப் பார்த்து, "புருஷன் பொண்டாட்டி விவகாரம். ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிடுவோம் மேடம்" என்றார். மறுநாள் கணவரை வரவழைத்துச் சத்தம் போட்டார்கள். "இனி எந்தத் தொந்தரவும் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கினார்கள். சமாதானம் என்று மனு முடிக்கப்பட்டது.

மூன்று வாரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தார். மறுபடி மனு, மறுபடி சத்தம், மறுபடி எழுதி வாங்கல். அந்தக் கொடுவாளை மட்டும் யாரும் போய் எடுக்கவில்லை. "ரெண்டு தடவை எழுதி வாங்கியாச்சு, இனி பயப்படுவார்" என்று நானும் சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினோராம் நாள் காலை, வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவரைக் கணவர் வெட்டினார். கையைக் குறுக்கே கொடுத்ததால் உயிர் பிழைத்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

அதற்கப்புறம் அதே ஸ்டேஷன் வேலை செய்த வேகத்தைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். மதியத்துக்குள் கொலை முயற்சி என்று 307 போட்டார்கள். சாயங்காலத்துக்குள் கைது. கொடுவாளைக் கைப்பற்றி, சாட்சிகள் முன் எழுதும் பதிவான மகஜர் எழுதினார்கள். எல்லாமே முறையாக நடந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய பொருளுக்கு அன்றைக்கு மகஜர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து என் வேலையின் போக்கு மாறியது.

குற்றம் நடந்த பிறகு வருவதுதான் போலீஸ் வேலை என்று நாம் பழகிவிட்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய எந்தக் குற்றத்தையும் போலீஸ் அதிகாரி தன்னால் இயன்றவரை தடுத்தாக வேண்டும் என்று பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 149ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 168ஆவது பிரிவாக அது அப்படியே இருக்கிறது. அடுத்த இரண்டு பிரிவுகளும் இதையொட்டியே வருகின்றன: குற்றம் செய்யத் திட்டமிருப்பது தெரிந்தால் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும், தடுக்க வேறு வழியில்லை என்றால் கைது செய்யலாம். அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால் பழைய 107ஐ, இப்போதைய 126ஐ, வைத்து வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. முன் நிறுத்தி, ஓராண்டு வரை பிணைப் பத்திரம் வாங்கலாம். மீறினால் சிறை. ஸ்டேஷனில் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கும் உறுதிமொழிக்கு இந்தப் பலம் எதுவும் கிடையாது.

லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம், பதியாத அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பு குடும்ப விவகாரங்களில் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் இடம் கொடுத்தது. அந்தச் சின்ன இடைவெளி வழியாகத்தான் எத்தனையோ கொலை மிரட்டல்கள் "குடும்பப் பிரச்சினை" என்ற பெயரில் வெளியே போகின்றன. இது என் அனுபவத்திலிருந்து சொல்வது.

எங்கள் பக்கத்தில் ஸ்டேஷன் என்றாலே நினைவுக்கு வருவது கண்ணகி முருகேசன் வழக்கு. 2003 ஜூலையில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவருக்கும் விஷம் கொடுத்து எரித்தார்கள். முருகேசனின் தந்தை புகார் சொன்னபோது போலீஸ் பதியவில்லை. பிறகு பதிந்த எஃப்.ஐ.ஆரில் முருகேசனின் சொந்தக்காரர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். இடையில் உயர் நீதிமன்றம் விடுவித்த இருவர் தவிர மற்றவர்கள் குற்றவாளிகளே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு புகாரைப் பதியாததற்கும் பொய்யாகப் பதிந்ததற்கும் பதில் சொல்ல வைக்க ஏறக்குறைய 22 வருடம். அதுவும் கொலைக்குப் பின்னால் செய்ததற்கு. முன்னாலேயே தெரிந்தும் தடுக்காமல் விட்டால் என்ன என்பதற்கு, 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கின் தீர்ப்பில்தான் தெளிவான பதில் வந்தது: ஆணவக் குற்றங்களில் முன்தகவல் இருந்தும் தடுக்கத் தவறினால் அது வேண்டுமென்றே செய்த அலட்சியம், துறை நடவடிக்கை எடுத்து முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த வரி எல்லா மிரட்டல் மனுக்களுக்கும் பொருந்த வேண்டும் என்பது என் ஆசை.

போலீஸ்காரர்களைக் குறை சொல்வது எளிது. ஒரு ரைட்டர் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "கேஸ் கூடினா கிரைம் மீட்டிங்ல எங்க இன்ஸ்பெக்டரைத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க மேடம்." பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆனாலும் எண்ணிக்கையைக் குறைவாகக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி ஸ்டேஷன் வரை இறங்கி வருகிறது. பந்தோபஸ்து, சம்மன், கோர்ட் டியூட்டி என்று ஆளில்லாத குறையும் உண்மை.

வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். பக்கத்து உட்கோட்டத்தில் ஒரு பெண் எஸ்.ஐ., வரப்புத் தகராறில் மிரட்டல் என்று வந்த மனுவை வாங்கிய அன்றே ஊருக்குப் போனார். அரிவாளைக் கைப்பற்றினார். இரண்டு தரப்பின் மீதும் 107 போட்டு ஆர்.டி.ஓ. முன் நிறுத்தினார். அந்த வரப்பில் அப்புறம் எதுவும் நடக்கவில்லை. அந்த எஸ்.ஐ.க்குப் பாராட்டுச் சான்றிதழ் எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கொலையாளியை இருபத்து நான்கு மணி நேரத்தில் பிடித்த தனிப்படைக்கு வெகுமதி உண்டு, படத்துடன் செய்தியும் உண்டு.

போலீஸ் மீது புகார் சொல்லப் புகார் ஆணையம் இருக்கிறதே என்பார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்ட எஸ்.பி.யே உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு கூலிக்காரப் பெண் போய் ஸ்டேஷன் மீது எப்படிப் புகார் சொல்வார்?

அதனால் எங்கள் அலுவலகத்தில் இப்போது காகிதத்தைத்தான் நம்புகிறோம். மிரட்டல் மனு என்றால் ஆயுதம் எங்கே இருக்கிறது, எப்போது, யார் முன்னால் மிரட்டினார் என்று எழுதுகிறோம். "தடுப்பு நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்" என்று தனி வரி சேர்க்கிறோம். நகலைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புகிறோம். பலனில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகிறோம். தேதியோடு ஒரு காகிதம் மேலே போய்விட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இரண்டு மனுக்களின் கோப்பையும் வாங்கினோம். அதை வைத்துப் புகார் கொடுத்தோம். விசாரணை நடந்து போலீஸ்காரர் ஒருவருக்கு ஓராண்டு இன்கிரிமென்ட் நின்றது. செய்தியைச் சொல்லத்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பைக் கேட்டு வாங்கி, மீதமிருந்த மூன்று விரல்களால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

"ரெண்டாவது தடவை நான் போனப்ப, மொத மனுவ யாராச்சும் எடுத்துப் பாத்தாங்களா வக்கீலம்மா?"

இரண்டாவது கோப்பில் முதல் மனுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.