கான்ஃபிகர் செய்து ஆர்டர் போட்ட லேப்டாப் எப்போது வரும்?

கிடங்கில் தயாராக இருக்கும் லேப்டாப் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அதே மாடலில் ராம் நினைவகத்தைக் கூட்டி, திரையை மாற்றி, கீபோர்டைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டால் மூன்று வாரம், ஐந்து வாரம் என்று காட்டும். அது லேப்டாப்பின் பாகங்களைச் சேர்த்துப் பூட்ட ஆகும் நேரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாகங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டால் பூட்டுவது, சோதிப்பது, விண்டோஸ் ஏற்றுவது, பெட்டியில் போடுவது எல்லாம் சேர்ந்தே சில மணி நேர வேலைதான். மீதி நாட்கள் முழுக்கக் காத்திருப்பு. பாகத்துக்காக, வரிசைக்காக, விமானத்தில் இடத்துக்காக. பத்துப் பாகங்களில் ஒன்பது தயாராக இருந்து ஒன்று இல்லையென்றாலும் ஆர்டர் நகராது. ஆகவே கடைசியாக வந்து சேரும் பாகம் எதுவோ, அதன் தேதிதான் உங்கள் தேதி.

அந்தப் பாகம் எது என்பதைப் பணம் கட்டும் முன்பே கண்டுபிடிக்கலாம். அடிப்படை கான்ஃபிகரேஷனை (எதையும் மாற்றாத பாகத் தேர்வை) அப்படியே கார்ட்டில் போட்டு, காட்டும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு தெரிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். தேதி நகரவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். சில தளங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கம் வரை போனால்தான் உண்மையான தேதியைக் காட்டும். அதுவரை போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்தில், இரண்டு வாரம் இழுத்தடிப்பது எந்தத் தெரிவு என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இதில் சிக்குவது ராம். ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட (பற்றவைக்கப்பட்ட) மாடல் என்றால் 16 ஜிபி போர்டும் 64 ஜிபி போர்டும் வெவ்வேறு போர்டுகள். குறைவாக விற்கும் போர்டைத் தினமும் செய்யமாட்டார்கள். தொகுதி தொகுதியாகத்தான் செய்வார்கள். ஒரு தொகுதி தீர்ந்த மறுநாள் ஆர்டர் போட்டவருக்கு அடுத்த தொகுதி வரை காத்திருப்பைத் தவிர வேறு வழியில்லை. ராம் ஸ்லாட் உள்ள மாடலில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே, ஸ்டாக்கில் இருக்கும் சிறிய அளவை எடுத்துக்கொண்டு பிறகு நாமே ஏற்றிக்கொள்ளலாம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் இது பொருந்தும். ஆனால் வாங்கும் முன் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டின் நீளத்தைச் சரிபாருங்கள். 2280, 2242, 2230 என்ற மூன்று அளவுகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. கடைசி இரண்டு இலக்கம்தான் மில்லிமீட்டரில் நீளம். 2230க்கு மட்டுமே இடம் உள்ள லேப்டாப்பில் 80 மில்லிமீட்டர் நீள எஸ்எஸ்டி உட்காராது.

அடுத்தது திரை. ஓஎல்இடி, 4கே, தொடுதிரை போன்றவை சில மாடல்களில் ஒரே ஒரு பேனல் தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் வரும். அங்கே தட்டுப்பாடு வந்தால் மாற்று இருக்காது. சாதாரணத் திரைக்கு இரண்டு மூன்று தயாரிப்பாளர்கள் இருப்பார்கள். அதிகம் விற்காத மொழி அமைப்புள்ள கீபோர்டு, ஸ்மார்ட் கார்டு ரீடர், சிம் போடும் மோடம் ஆகியவையும் தேதியைத் தள்ளக்கூடியவை. இவற்றில் மோடத்தை மட்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். அதற்கான ஆன்டெனா கம்பிகள் பெரும்பாலும் திரை மூடிக்குள்ளே தொழிற்சாலையில் போடப்படுபவை. அவை இல்லாமல் வந்த லேப்டாப்பில் மோடத்தை மட்டும் வாங்கிச் செருகிப் பயனில்லை.

தேதியின் சொற்களைக் கவனமாகப் படிக்கவேண்டும். 'இந்தத் தேதிக்குள் அனுப்பப்படும்' என்பதும் 'இந்தத் தேதிக்குள் கிடைக்கும்' என்பதும் ஒன்றல்ல. '10 முதல் 12 வேலை நாட்களில் அனுப்பப்படும், அனுப்பிய பின் 5 முதல் 7 வேலை நாட்கள்' என்று போட்டிருந்தால், கூட்டினால் 15 முதல் 19 வேலை நாட்கள். சனி ஞாயிறைச் சேர்த்தால் மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம். அனுப்பும் வரையிலான வேலை நாட்களும் உங்கள் ஊர்க் காலண்டர்ப்படி அல்ல, தொழிற்சாலை இருக்கும் நாட்டின் காலண்டர்ப்படி. உலக லேப்டாப்புகளில் பெரும் பங்கு சீனாவில், சொங்சிங், செங்டு, குன்ஷான், ஹெஃபெய் போன்ற நகரங்களில் உருவாகிறது. சீனப் புத்தாண்டு 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அரசு விடுமுறை ஒரு வாரம் சொச்சம்தான் என்றாலும், ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வேலை பழைய வேகத்துக்கு வர இன்னும் நாளாகும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் போடும் ஆர்டர் விடுமுறைக்கு இந்தப் பக்கம் வெளிவருமா, அந்தப் பக்கமா என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. அக்டோபர் முதல் வாரத்துச் சீனத் தேசிய விடுமுறையும் இப்படித்தான், பாதிப்பு சிறியது.

ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது இன்னொரு தவறு. பணம் சரிபார்க்கப்பட்டு, ஆர்டர் தொழிற்சாலைக்கு விடுவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. கார்டின் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறாக இருந்தால் ஆர்டர் சரிபார்ப்பில் நிற்கும். அறியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்போ, குப்பை அஞ்சலில் விழுந்த ஒரு மின்னஞ்சலோ பதிலுக்காகக் காத்திருக்கும். முதல் இரண்டு நாள் குப்பை அஞ்சலையும் திறந்து பாருங்கள்.

கார்டில் கட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல நிறுவனங்கள் ஆர்டரின்போது தொகையை முடக்கி மட்டும் வைத்து, அனுப்பும்போதுதான் எடுக்கின்றன. அந்த முடக்கம் பொதுவாக ஒரு வாரம் போல நிற்கும், பிறகு தானாக விலகிவிடும். ஆர்டர் ரத்தாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். மூன்று வாரம் கழித்து அவர்கள் மீண்டும் தொகையைக் கேட்கும்போது கார்டில் வரம்பு இல்லை, கார்டு காலாவதி, அல்லது ஒருமுறை மட்டும் பயன்படும் மெய்நிகர் கார்டு என்றால் பணம் விழாது. பூட்டி முடித்த லேப்டாப் தொழிற்சாலை வாசலிலேயே நிற்கும். நீண்ட காத்திருப்புள்ள ஆர்டருக்கு மெய்நிகர் கார்டே வேண்டாம்.

லேப்டாப்போடு டாக் (கூடுதல் இணைப்புகள் தரும் பெட்டி), மவுஸ், பை என்று ஒரே ஆர்டரில் சேர்ப்பதையும் தவிர்க்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பும்படி ஆர்டர் அமைந்திருந்தால், டாக் ஸ்டாக்கில் இல்லாததற்காக லேப்டாப் காத்துக் கிடக்கும். துணைப் பொருட்களைத் தனி ஆர்டராகப் போடுங்கள்.

இனி ஸ்டேட்டஸ். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொருள் ஒன்றுதான். 'உறுதி செய்யப்பட்டது' என்றால் வரிசையில் இருக்கிறீர்கள், பாகங்கள் இன்னும் ஒதுக்கப்படாமல் இருக்கலாம். 'தயாரிப்பில்' என்று மாறுவதுதான் நல்ல செய்தி. டெல் போன்ற நிறுவனங்களில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இலக்க சர்வீஸ் டேக் (ஒவ்வொரு இயந்திரத்துக்குமான அடையாளக் குறி) கிடைத்துவிட்டால் உங்கள் ஆர்டர் ஒரு குறிப்பிட்ட இயந்திரமாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு தேதி பெரிதாக நழுவுவது அரிது. ஆப்பிளில் 'அனுப்பத் தயாராகிறது' என்ற கட்டத்துக்குப் பிறகு ரத்து செய்யும் வாய்ப்பு போய்விடும். எங்கும், தயாரிப்பு தொடங்கும் முன் ரத்து செய்வது சுலபம். தொடங்கிய பின் கெஞ்சல்தான். கான்ஃபிகரேஷனை மாற்றக் கேட்டால் பெரும்பாலும் பழையதை ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்வார்கள். அப்படியானால் வரிசையில் கடைசி இடம். தள்ளுபடி விலை முடிந்திருந்தால் அதுவும் போயிற்று.

தேதி ஒருமுறை நழுவினால் கவலைப்படத் தேவையில்லை. நழுவும் விதத்தைப் பாருங்கள். நான்கைந்து நாள் நகர்ந்து, பிறகு நிலையாக நின்றால் அது உண்மையான மறுகணக்கு. ஏழு ஏழு நாளாகத் திரும்பத் திரும்ப நகர்ந்தால், பாகம் எப்போது வரும் என்றே தெரியாமல் மென்பொருள் தானாகத் தள்ளிவைக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அப்போது 'எப்போது வரும்' என்று கேட்டுப் பயனில்லை. மறுமுனையில் இருக்கும் ஊழியர் பார்ப்பதும் நீங்கள் பார்க்கும் அதே தேதிதான். 'எந்தப் பாகம் நிலுவையில் இருக்கிறது? அது தொழிற்சாலைக்கு வரும் தேதி என்ன? அதற்குப் பதிலாக ஸ்டாக்கில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். உதவி மையத்தைவிட விற்பனைப் பிரிவில் இதற்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பாகம் தெரிந்துவிட்டால், அதை மட்டும் மாற்றிப் புதிதாகப் போட்டால் எந்தத் தேதி வருகிறது என்று முதலில் செய்த சோதனையை மறுபடி செய்து பார்த்து முடிவெடுக்கலாம். பழையதை ரத்து செய்வது அதற்குப் பிறகு.

பெரிய தட்டுப்பாடுகள் வேறு வகை. 2011இல் தாய்லாந்து வெள்ளம் ஹார்ட் டிஸ்க் உற்பத்தியை முடக்கியது. 2020-21 சிப் தட்டுப்பாட்டில் பல லேப்டாப்புகள் நின்றது பிராசஸருக்காக அல்ல. திரையை இயக்கும் சிப், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் போன்ற மலிவான சில்லறைகளுக்காக. இப்படிப்பட்ட காலத்தில் கான்ஃபிகரேஷனை மாற்றி விளையாடுவது உதவாது. கிடங்கில் தயாராக இருப்பதில் நமக்கு நெருக்கமானதை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அனுப்பிய பின் வரும் மௌனம்தான் பலரைப் படுத்துகிறது. ட்ராக்கிங் எண் வந்திருக்கும். 'லேபிள் உருவாக்கப்பட்டது' என்பதோடு நான்கைந்து நாள் ஒன்றும் நகராது. தொழிற்சாலையிலிருந்து பெட்டிகள் தனித்தனியாகப் புறப்படுவதில்லை. நூற்றுக்கணக்கானவை பலகைகளில் அடுக்கப்பட்டு, ஒரே சரக்காக விமானம் ஏறுகின்றன. உங்கள் பெட்டி தனியாக ஸ்கேன் ஆவது, சரக்கு உங்கள் நாட்டில் பிரிக்கப்பட்ட பிறகுதான். அங்கே உள்ளூர் கூரியர் புது எண் கொடுப்பதும் உண்டு. லேப்டாப்புக்குள் லித்தியம் பேட்டரி இருப்பதால் யுஎன் 3481 என்ற வகைப்பாட்டில், அதற்கான விதிகளின்படிதான் விமானத்தில் ஏற்றவேண்டும். ஆகவே எல்லாக் கூரியரும் எல்லா வழியிலும் எடுப்பதில்லை.

ஐரோப்பாவுக்குச் சில சரக்குகள் ரயிலிலும் போகின்றன. சொங்சிங்கிலிருந்து ஜெர்மனியின் டூயிஸ்பர்குக்கு 2011இல் தொடங்கிய பாதை ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். அதை ஓடவைத்ததே லேப்டாப் சரக்குதான். கப்பல் என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். 2023 இறுதியில் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கிய பிறகு ஐரோப்பியப் பாதை இன்னும் நீண்டது. உங்கள் நாட்டுக்குள் கொண்டுவரும் இறக்குமதியாளர் யார் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். நிறுவனமே இறக்குமதி செய்தால் உங்களுக்கு வேலை இல்லை. உங்கள் பெயரில் வந்தால் அடையாள ஆவணம், வரி என்று சுங்கத்தில் உங்கள் பதிலுக்காகப் பெட்டி நிற்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பல நிறுவனங்கள் தேதியைச் சற்றுத் தள்ளியே சொல்வதால் ஒரு வாரம் முன்னதாகவே பெட்டி வாசலில் நிற்கலாம். கையெழுத்து கேட்கும் டெலிவரி என்றால் வீட்டில் ஆள் இருக்கவேண்டும். அந்த வாரம் வெளியூர்ப் பயணம் என்றால் ஆர்டர் போடும்போதே வேறு முகவரி கொடுங்கள். வழியில் முகவரி மாற்றுவது பெரும்பாலும் மறுக்கப்படும்.

பெட்டியைத் திறந்ததும் ராம், எஸ்எஸ்டி, திரை மூன்றையும் ஆர்டர் சீட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளைப் போட்டிருந்தால், வழியில் கழிந்த இரண்டு மூன்று வாரம் உங்கள் கணக்கில் கழிந்திருக்கும். ரசீதையும் டெலிவரிச் சான்றையும் அனுப்பித் தேதியைத் திருத்தக் கேளுங்கள்.