பொடிப் பாக்கெட்டின் பெயருக்கு டிரேட்மார்க் வாங்கிய அனுபவம்

சிறுதொழில் செய்பவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் வாங்கியாயிற்று, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வந்துவிட்டது, உத்யம் சான்றிதழும் கையில் இருக்கிறது, ஆகவே கடைப் பெயர் நம்முடையது என்று நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. முதலாவது வரிக்கானது, இரண்டாவது உணவுப் பாதுகாப்புக்கானது, மூன்றாவது சிறுதொழில் சலுகைகளுக்கானது. அதே பெயரை இன்னொருவர் தன் பாக்கெட்டில் அச்சடித்தால், இவற்றில் எதைக் காட்டியும் அவரைத் தடுக்க முடியாது. அந்த உரிமையைத் தருவது 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம்.

என் அக்கா திண்டுக்கல்லில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் வகைகள் செய்து விற்கிறார். கணக்கும் காகிதங்களும் என் பொறுப்பு. எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர் தாங்கிய ஒரு பாக்கெட்டை வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் படம் பிடித்து அனுப்பி, "இதுவும் உங்களுடையதா அக்கா?" என்று கேட்டார். அன்றே பதிவு வேலையை ஆரம்பித்தோம்.

முதல் வேலை தேடல். அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். எழுத்தை வைத்துத் தேடுவது ஒரு வழி, ஒலியை வைத்துத் தேடுவது இன்னொரு வழி. ஒலித் தேடலைத் தவறவிடாதீர்கள். எங்கள் பெயரில் ழகரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள் என்பதால் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பார்த்தோம். பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலா, மாவு, காபி, தேயிலை எல்லாம் 30ஆம் வகுப்பு. ஊறுகாய் 29ஆம் வகுப்பு. ஒரே சமையலறையில் தயாராகி ஒரே அலமாரியில் இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவை வேறு வேறு. இணையத்தில் எழுதுபவர்களும் யூடியூப் சேனல் நடத்துபவர்களும் பெரும்பாலும் 41ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கிறார்கள்.

இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே விண்ணப்பம் போடலாம். நாங்கள் தனித்தனியாகப் போட்டோம். ஒரு வகுப்பில் ஆட்சேபம் எழுந்தால் மற்றதும் சேர்ந்து தேங்கிவிடும் என்று எங்கள் வக்கீல் சொன்னார், அவர் சொன்னபடியே பின்னால் நடக்கவும் செய்தது. தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. வக்கீல் கட்டணம் இதில் சேராது. நீங்களே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது, டிஜிட்டல் கையெழுத்து மட்டும் வேண்டும். லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தரவேண்டும். பெயர், லோகோ இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெயரை வெறும் சொல்லாகப் பதிவு செய்யுங்கள் என்பேன். லோகோ நாளைக்கு மாறலாம். சொல்லுக்குப் பதிவு இருந்தால், அதை எந்த எழுத்து வடிவத்தில் அச்சடித்தாலும் பாதுகாப்பு உண்டு.

லோகோ என்றதும் பலர் அறியாத ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கிய லோகோவின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, வரைந்தவருக்கே சொந்தம். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் அது முதலாளிக்குச் சேரும், வெளியாள் விஷயம் அப்படியில்லை. எங்களுக்கு வரைந்து கொடுத்த தம்பியிடம் காகிதத்தை நீட்டினேன். "நீங்கள்தான் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்களே அண்ணா, கையெழுத்து எதற்கு?" என்று கேட்டான். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை விளக்கினேன். உரிமையை எத்தனை காலத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே எந்தப் படம், என்ன தொகை, பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி அவன் கையெழுத்தை வாங்கினோம். வலைப்பூவுக்கு முகப்புப் படம் வரைந்து வாங்குபவர்களுக்கும், இன்னொருவரிடம் கட்டுரை எழுதி வாங்குபவர்களுக்கும் இதே விதிதான்.

விண்ணப்பத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி, இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பது. இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றும் சொல்லலாம். ஏற்கெனவே பயன்படுத்துவதாகச் சொன்னால் தேதியைக் குறிப்பிட்டு, பிரமாண வாக்குமூலமும் ஆதாரங்களும் இணைக்கவேண்டும். அக்கா பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி, கூடத்துத் தரையில் ரசீதுகளை ஆண்டுவாரியாகப் பரப்பினார். கூரியர் ரசீதுகளில் பாதி வெளுத்துப் போயிருந்தன. வெப்பத் தாளில் அச்சான எழுத்து சில ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது, தாள் மட்டும் மிச்சம். கைகொடுத்தது லேபிள் அச்சடித்த அச்சகத்தின் ரசீது. எங்கள் பெயர், எத்தனை லேபிள், தேதி, அச்சகத்தின் முத்திரை எல்லாம் நீல மையில் அப்படியே இருந்தன. அதற்கடுத்தது மகளிர் குழுக் கண்காட்சியில் கடை போட்டதற்கான ரசீது. வெப்பத் தாள் ரசீது எது வந்தாலும் அன்றே நகல் எடுத்து வையுங்கள். பெயர் நம்முடையது என்பதை வாயால் ஆயிரம் முறை சொன்னாலும், தேதியிட்ட ஒரு காகிதத்துக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்துக்குப் போகின்றன. அந்தப் பதிவகம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றையும் கவனிக்கிறது. விண்ணப்ப எண் கிடைத்ததும் நிலவரத்தை நாமே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். வக்கீல் வைத்திருந்தாலும் பாருங்கள். பதிவகத்தின் கடிதங்கள் அவர் முகவரிக்குத்தான் போகும். விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பதிவகம் அனுப்பும் தேர்வு அறிக்கை கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். முகவர் தகவல் சொல்லாததால் விண்ணப்பத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். உழைத்துச் சேர்த்த பெயர் ஒரு மின்னஞ்சலைத் திறக்காததால் போவதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஊறுகாய் விண்ணப்பம் தடையில்லாமல் நகர்ந்தது. பொடிக்கு ஆட்சேபம் வந்தது. ஆட்சேபங்கள் பொதுவாக டிரேட்மார்க் சட்டத்தின் இரண்டு பிரிவுகளின் கீழ் வரும். பெயர் பொருளையே வருணித்தால் 9ஆம் பிரிவு. 'சுவையான இட்லிப் பொடி' என்பதை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது அல்லவா? முன்பே இருக்கும் பெயரைப் போலிருந்தால் 11ஆம் பிரிவு. எங்களுக்கு வந்தது 11. ஒத்து ஒலிக்கும் ஒரு பெயரைச் சுட்டியிருந்தார்கள். அதன் விவரத்தைத் திறந்து பார்த்தோம். இனிமேல்தான் பயன்படுத்துவதாக அவர்களே எழுதியிருந்தார்கள். அவர்கள் விண்ணப்பித்த தேதியோ எங்கள் அச்சக ரசீதுக்குப் பிந்தையது. பதிலில் வக்கீல் அதையே முதல் வாதமாக வைத்தார். முதலில் பயன்படுத்தியவரின் உரிமையை இந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு காக்கிறது.

பின்னர் காணொளி விசாரணை. வக்கீல் பேசினார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கேட்டதெல்லாம் முதல் விற்பனை எப்போது, அதற்கு ஆதாரம் என்ன என்பதைச் சுற்றித்தான். அச்சக ரசீதைத் திரையில் காட்டினார்கள்.

ஏற்றுக்கொண்ட பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எங்களுக்கு எதிர்ப்பு வரவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன, உடனே பணம் கட்டாவிட்டால் பெயர் போய்விடும் என்று மிரட்டினார்கள். நம் பெயரும் முகவரியும் எவர் கண்ணிலும் படும் இதழில் இருப்பதால் வரும் தொல்லை இது. அரசுக்குக் கட்டவேண்டிய எதையும் பதிவகத்தின் தளத்தில் மட்டுமே கட்டுங்கள்.

சான்றிதழ் மின்னணு வடிவில் வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதுவரை லேபிளில் டி.எம். என்று போட்டிருந்தோம். அதை எவரும் எப்போதும் போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துக் குறியைப் பதிவு முடியும் முன் போடுவது சட்டத்துக்கு மாறானது. பழைய லேபிள்கள் தீர்ந்ததும் புதியதற்கு அதே அச்சகத்தில் சொல்லியிருக்கிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத பெயரை நீக்கக் கோரி மற்றவர்கள் மனுப்போடலாம் என்பதால், இந்த ரசீதையும் பெட்டியில் சேர்த்துவிடுவார் அக்கா. படத்தில் வந்த அந்தப் பாக்கெட்காரருக்குச் சான்றிதழின் நகலோடு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.