பழைய மணிகள் செய்முறைத் தேர்வு: துளையில் தொடங்குங்கள்

பினாங்கில் தொல்லியல் படிக்கும் நம் பிள்ளைகள், தேர்வில் பழைய பாசிமணித் தட்டை முன்னால் வைத்ததும் நிறத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள். செங்கல் சிவப்பில் குட்டியாக ஒன்று இருந்தால் போதும், ‘அரிக்கமேடு, கி.பி. 1-ஆம் நூற்றாண்டு’ என்று கை தானாக எழுதிவிடும். ஊர்ப்பாசம் சரி, மதிப்பெண் போய்விடும். அதே மாதிரி மணி பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்திருக்கிறது. இந்தோ-பசிபிக் மணி எனப்படும் இந்த வகையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்திருக்கிறார்கள். தோண்டிய இடத்தின் மண்ணடுக்கு விவரம் இல்லாமல் மணியை மட்டும் பார்த்து ஒரு நூற்றாண்டைக் குறிப்பது வெறும் ஊகம்.

10 மடங்கு லூப்பை (கையடக்க உருப்பெருக்கியை) எடுத்து, கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்து, துளையையும் அதைச் சுற்றியும் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழிகளும் கோடுகளும் துளை போகும் திசையிலேயே நீண்டு கிடந்தால், அது உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வளையமாக ஓடினால், கம்பியில் சுற்றிச் செய்தது. கம்பிக்குப் பூசிய களிமண் சில சமயம் துளைக்குள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஒளி புகாத மணியில் குமிழி தெரியாது. அப்போது பக்கவாட்டைப் பாருங்கள்: இழுத்த சிவப்பு மணிகளில் கருங்கோடுகள் துளைக்கு இணையாக ஓடும். துளை ஓரத்தை விட்டுவிட்டால் இன்னொரு வம்பும் உண்டு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்று இரண்டு அடுக்கு உள்ள ஐரோப்பிய மணியை ஒற்றை நிறம் என்று எழுதிவிடுவீர்கள்.

பீங்கான் போலப் பளபளக்கும் மணி வந்தால் நடுவில் விரலை ஓட்டுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு மேடான பட்டை, ஒரு முனை வழவழப்பு, மறுமுனை சொரசொரப்பு என்றால் அது பொடியை அச்சில் அழுத்திச் சுட்ட பிராசர் மணி. அந்த முறைக்குக் காப்புரிமை வந்தது 1840-ல். ஆகவே ‘1840-க்கு முந்தியதல்ல’ என்று தைரியமாக எழுதலாம். புற ஊதா டார்ச்சில் பளீரெனப் பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியக் கண்ணாடி, 1830-களுக்குப் பிந்தையது. மங்கலான பச்சை என்றால் நம்பாதீர்கள், மாங்கனீசும் அப்படி ஒளிரும்.

அளவில் அடிக்கடி சறுக்குவது நீளத்தில்தான். துளை வழியே அளப்பதே நீளம். அகலமாகத் தெரியும் பக்கம் அல்ல. மணி ஆய்வாளர் ஹோரஸ் பெக் 1928-ல் வகுத்த கணக்கில், நீளத்தை விட்டத்தால் வகுத்து வருவது 1/3-க்குக் கீழே என்றால் தட்டு, 9/10 வரை குட்டை, 1 1/10 வரை சமம், அதற்கு மேல் நீளம். விட்டம் 4 மி.மீ., நீளம் 3 மி.மீ. என்றால் 0.75, குட்டை.

ஈயக் கண்ணாடியா என்று சந்தேகம் வந்தால் எடை பாருங்கள். காற்றில் உள்ள எடையை, நீரில் குறையும் எடையால் வகுத்தால் அடர்த்தி. சோடாக் கண்ணாடி 2.5 அளவில் நிற்கும், ஈயம் அதிகமானால் 3-ஐத் தாண்டும். ஒரே ஒரு குட்டி மணியை நிறுத்தால் பிழை பெரிதாகும், ஒரே வகையில் 20 மணி சேர்த்து நிறுங்கள். துளைக்குள் காற்று மாட்டிக்கொண்டால் விடை குறைந்து வரும். நீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டால் போதும். மேல்தோல் உரியும் மணியை மட்டும் நீரில் போடாதீர்கள்.

ஞோஞ்யா (பெரனாக்கான் சீனப் பெண்கள்) மணிச்செருப்பு தட்டில் வந்தால் மணியின் காலத்தையும் செருப்பின் காலத்தையும் தனித்தனியே எழுதுங்கள். பழைய மணியைக் கழற்றிப் புது நூலில் கோப்பது இங்கே சகஜம்.

பயிற்சிக்கு லோரோங் கூலிட் சந்தையில் மலிவு மணிகள் ஒரு பிடி வாங்கி, நாலைந்தைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள். உடைந்த முகத்தில் குமிழி எந்தத் திசையில் கிடக்கிறது என்று நேராகவே தெரியும்.