டோங்காட் கோயில் அடுப்படி: நாட்குறிப்பு

ஏப்ரல் 13, 2022, புதன்

மழை ஒருவழியாக விட்டது. திங்களும் செவ்வாயுமாக தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியிருக்கிறது. ப்ரோஸ்பெக்டன் பக்கம் சரக்குக் கன்டெய்னர்கள் அடித்துவரப்பட்டு சாலையில் கிடக்கிற படம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. டர்பனுக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊருக்கு விழுந்த அடி வேறு மாதிரி. டோங்காட் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் நாசமாக்கிவிட்டது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

நாளை முதல் கோயில் சமையல்கட்டைத் திறக்கிறோம். எனக்குக் காய் நறுக்குகிற வேலை.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரைப் பிறப்பு. விளக்கேற்றியதோடு சரி, பாயசமெல்லாம் இல்லை.

அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஆனால் அரிசி, பருப்பு, மீலி மாவு (மக்காச்சோள மாவு) என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தால், வாங்கிப் போகிறவர்கள் எதை ஊற்றிப் பொங்குவார்கள்? சமைத்தே கொடுத்துவிடலாம் என்று பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த ஊருக்கு ஷுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் பயறில் வைக்கிற கறி என்றால் உயிர். ஆனால் அது ஊறவும் வேகவும் தண்ணீர் குடிக்கும். அதனால் பருப்பும் உருளைக்கிழங்கும்தான். தட்டும் காகிதத் தட்டு, கழுவுகிற வேலை மிச்சம்.

அப்புறம் ஒரு சண்டை. புழுங்கலரிசிதானே, கழுவாமல் போடலாம் என்றார் பெரியம்மா. "கழுவாத சோத்தையா சாமி வாசல்ல வச்சுக் குடுப்பே?" என்று ஆயா கரண்டியோடு எழுந்துவிட்டார். கடைசியில் ஒரே ஒரு கழுவல் என்று சமாதானம் ஆனது. கழுநீரை வாளியில் பிடித்து கழிவறைக்கு எடுத்துப் போனோம்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

வழக்கமாக இன்று மவுன்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில், பெரிய வெள்ளியன்று நடக்கிற திருவிழாவில் இருந்திருப்பேன். இந்த வருஷம் பக்கி வண்டியில், அதாவது பின்னால் திறந்த பிக்கப்பில், சோற்று அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் கறுப்பின மக்களின் குடியிருப்பான ஹம்பனாதிக்குப் போனேன். வீடிழந்தவர்கள் ஒரு ஹாலில் படுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் பால்மாவு டின், பிரிக்கப்படாமலே. யாரோ நல்ல மனசோடு கொடுத்தது, கலக்கத்தான் தண்ணீர் இல்லை. சாயங்காலமே ஐந்து லிட்டர் சீல் பாட்டில்களைத் தனியாக எடுத்து, பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஓர் அறையில் பூட்டிவைத்தோம். சாவி பெரியம்மாவின் இடுப்பில். அவரிடமிருந்து யாரும் வாங்கிவிட முடியாது.

ஏப்ரல் 19, செவ்வாய்

நேற்றிரவு ஜனாதிபதி ராமபோசா தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். இறந்தவர்கள் 400க்கும் மேல். இம்தியாஸ் சுலைமான் 1992இல் தொடங்கிய 'கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ்' மாதிரி பெரிய நிவாரண அமைப்புகள் களத்தில் இருப்பது கொஞ்சம் தெம்பு.

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. விடியற்காலையிலிருந்து வாளி வரிசை நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். வயசானவர்கள் பிடித்தாலும் தூக்க முடியாது. பையன்கள் சிலர் புதுக் குப்பைத் தொட்டிகளில், அதாவது சக்கரம் வைத்த வீலி பின்னில், தண்ணீர் பிடித்து வீடு வீடாக உருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை.

இன்று ஹம்பனாதிப் பெண்கள் சிலர் வந்து எங்களோடு கிழங்கு உரித்தார்கள். போன ஜூலைக் கலவரத்தில் தெருமுனையில் டயரைப் போட்டு வழியை மறித்து, இந்தியர்களான நாங்களும் அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கத்தி போதவில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது.

மே 22, ஞாயிறு

மறுபடி மழை. பக்கத்துக் கடற்கரை ஊரான உம்ட்லோட்டியில் மண்சரிந்து சாலையும் கட்டடங்களும் போயிருக்கின்றன. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. கோயில் வாசலில் இருக்கிற ஜோஜோ டாங்கில், அதாவது பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில், நிரம்புவதுதான் எல்லாம்.

அரிசி வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. டிவியில் செய்தி நின்றால் மூட்டையும் நிற்கும் போலிருக்கிறது. இனி வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும் சமைப்பது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு முதலில் என்று முடிவு. பெயர் எழுதும்போது ஆயாவையும் சேர்க்கப் போனேன். எழுதவிடவில்லை. சமைக்க வருகிறவள் இங்கேயே சாப்பிட்டுக்கொள்வாளாம், வாங்கித் தின்கிற கணக்கில் அவள் பெயர் வரக்கூடாதாம்.