தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு வரித் தணிக்கை

செப்டம்பர் மாதத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை எந்த மருத்துவரும் பார்த்துவிடக் கூடாது. 30ஆம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை ஏற்றியாக வேண்டும் என்ற பதற்றத்தில், மாலையில் வரும் உளுந்த வடையும் இரவில் வரும் பரோட்டாவும் எங்களுக்கு உணவுக் கணக்கிலேயே வருவதில்லை. அவை அலுவலகச் செலவு. அத்தை விடியற்காலையில் எழுந்து கட்டித் தரும் தினைப் பொங்கல் பெரும்பாலும் அப்படியே வீடு திரும்பும். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மறுநாள் அதே டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்து அழுத்தி வைப்பார். நவராத்திரி இந்த நாட்களில் வந்து, கொலு வைத்த வாடிக்கையாளர்கள் சுண்டல் கொடுத்தனுப்பினால்தான் எங்கள் உடம்பில் கொஞ்சம் புரதம் சேரும்.

இந்த அழகில் நான் விடாமல் காப்பாற்றி வந்தது, காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றும் நடையை மட்டுமே. மன அழுத்தத்தில் கார்ட்டிசோல் அதிகமாகச் சுரந்தால், நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும் என்று மருத்துவர் சொன்ன நாள் முதல், வாரத்துக்கு 150 நிமிட நடை என்பதை ஜிஎஸ்டி தவணைத் தேதிக்கு நிகராக மதித்து வருகிறேன். கைப்பேசியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன்.

அந்த இரகசியம் பருப்பு மண்டி அண்ணாச்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எனக்கு என் வீட்டுக்காரர் மீதுதான் சந்தேகம். அவருக்கு அந்த மண்டியில் துவரம்பருப்பு கடனுக்குக் கிடைக்கிறது. இன்று காலை மாரியம்மன் கோவில் எதிரே, பில்கள் பிதுங்கும் மஞ்சள் பையுடன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நின்றிருந்தார்.

"ஏம்மா, போன எடுக்கவே மாட்டேங்கிறீங்க? சரி வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்."

மிதமான வேகம் என்பது பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் என்பார்கள். அண்ணாச்சி பாடக்கூடிய நிலையில்தான் இருந்தார். சாக்கு வியாபாரிக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த 40,000 ரூபாயில் அவர் ஆரம்பித்தார். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்க முடியாது என்று நான் சொல்ல, அந்தச் சாக்குக்காரர் வங்கிக் கணக்கே இல்லாத ஏழை என்று அவர் சொல்ல, அந்த ஏழையின் ஜிஎஸ்டி எண் பில்லின் தலையிலேயே அச்சாகியிருப்பதை நான் காட்ட, என் நடை எனக்கே தெரியாமல் ஓட்டமாகிவிட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வரும். அதை இவ்வளவு விரைவாக நான் என்றுமே முடித்ததில்லை. இதற்குள் எதிரே நடந்துவந்த நகைக்கடைக்காரர் ஒருவர், "தேதிய தள்ளி வைப்பாங்களாமே?" என்று ஆண்டுதோறும் கேட்பதைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடந்து போனார்.

அண்ணாச்சி மூச்சு வாங்கி, கல்சுவரில் உட்கார்ந்தார். பருத்திப்பால் தள்ளுவண்டியைக் கைதட்டி அழைத்து, வேண்டாம் என்ற என் கையில் ஒரு தம்ளரைத் திணித்தார். சுக்கு மணத்துடன் ஆவி பறந்தது. மேலே தேங்காய்த் துருவல் தாராளமாகக் கிடந்தது.

"கருப்பட்டி போட்டதும்மா, சர்க்கரை ஏறாது."

கருப்பட்டியும் ஏற்றும் என்று விளக்கும் தெம்பு எனக்கு இல்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அக்டோபரில் இருக்கிறது என்பது நினைவில் இருந்தும் முழுத் தம்ளரையும் குடித்துவிட்டேன். பசி அப்படி.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் நடக்கச் சொல்லி வருடக்கணக்காகிறது என்றும், வீட்டில் அவர் மனைவி சொல்லியும் அழுதும் சலித்துவிட்டார் என்றும், முழுச் சுற்று வந்தது இன்றைக்குத்தான் என்றும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னபோது எனக்கு மனம் இளகிவிட்டது. நாளையும் வாருங்கள், மிச்சக் கணக்கைப் பார்ப்போம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"வாரேம்மா. சம்பந்தியையும் கூட்டிட்டு வாரேன், அவருக்கும் சர்க்கரைதான். அவரும் இன்னும் கணக்குக் கொடுக்கல."

சம்பந்தி எங்கள் அலுவலகத்து வாடிக்கையாளரே இல்லை.