மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

அந்த நாற்காலியை நான் எடுத்திருக்கக் கூடாது. கதையிலிருந்துதான். பள்ளி ஆண்டு மலர் வந்து மூன்று வருடமாகிறது. அதில் ஒரு குறளின் எண்ணே மாறிப்போயிருக்கிறது, தலைமையாசிரியரின் வாழ்த்துரையில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருக்கிறது. அதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. பிழையே இல்லாமல் வந்த அந்த மூன்று பக்கம்தான் கெடுக்கிறது.

எல்லாம் நான் ஆரம்பித்து வைத்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒருநாள் பாடத்தை மூடிவிட்டு ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ கதையை வாயாலேயே சொன்னேன். 1948 ஜூனில் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. அதில் சம்மர்ஸ் என்று ஒரு நிலக்கரி வியாபாரி. சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். பிள்ளை இல்லை, மனைவி வாயாடி, அதனால் ஊருக்கே அவர்மேல் ஒரு பரிதாபம். ஊர்க்காரியம் எதுவென்றாலும் நேரம் ஒதுக்கி முன்னால் நிற்பவர். அவர்தான் கறுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு சிரித்த முகமாகக் குலுக்கல் நடத்துகிறார். சீட்டு விழுந்த பெண்ணை ஊரே சேர்ந்து கல்லால் அடிக்கிறது. கதை வெளிவந்ததும் ஜாக்சனுக்குக் கடிதங்கள் குவிந்தன. திட்டியவர்கள் பலர். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இந்த இடத்தில் வகுப்பு சிரித்தது. பின்னால் அந்த மூன்று பக்கத்தை எழுதிய பெண் சிரித்தாளா என்று நினைவில்லை.

“கொடுமைக்குக் கொம்பு முளைச்சிருக்காது. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து, சாப்பிட்டீங்களான்னு கேக்கும்” என்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட. நம்ம ஊர்ல நடக்கிற மாதிரி ஒன்று எழுதி வாருங்கள், நல்லதை மலரில் போடுவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு பேர் எழுதினார்கள். ஒன்பது கதையில் குடிகார அப்பா. ஒன்றில் பேய். மிச்சம் ஒன்று அவளுடையது.

அவள் கதையில் ஒரு கடல்பாசி கம்பெனிக்காரர். கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண், அவரிடம் வாங்கிய கடனுக்காகத் தான் எடுக்கும் பாசியை அவருக்கே போடுகிறாள். அவர் ஒருநாளும் அதட்டியதில்லை. “கணக்குப் பாத்துருவோம் ஆத்தா, நாளைக்குக் காலையில வாங்க” என்பார். அவள் போவாள். திண்ணையில் நிற்க விடமாட்டார். உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, சாஸரோடு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “இந்தா வந்துட்டேன்” என்று போய்விடுவார். மதியம் வந்து, “அடடா, இன்னைக்கு முடியல போலயே. நாளைக்கு வாங்க ஆத்தா.”

அவ்வளவுதான் கதை. வெளியூர்க்காரர் படித்தால் இதில் என்ன கொடுமை என்று கேட்பார். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே அமாவாசை என்று போட்டிருப்பதை அவள் ஒரே வரியில் எழுதியிருந்தாள். இங்கே பாசிக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும். மாதம் முழுக்கப் போக முடியாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்கள் மாதத்தில் ஒரு பன்னிரண்டு தேறும். வத்தைப் படகு காலையில் கிளம்பிவிட்டால் அன்றைய பாடு போச்சு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான 1986-லிருந்து வனத்துறைக்கும் பயந்துதான் தொழில். அதற்குமேல் இந்த நாற்காலி.

பாறை கீறாமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வார்கள். கதையில் அந்தப் பெண் சுற்றிய விரல்களோடுதான் வந்து உட்காருகிறாள். கணக்கை முடித்துவிட்டு ஓடிப் போய் வத்தையைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. டீயில் ஆடை படிகிறது. அவள் ஒவ்வொரு விரலாக அவிழ்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சுற்றுகிறாள். கடைசியில் எழுந்து போகும்போது, கரண்டு வீணாகிறதே என்று மின்விசிறியை அவளே நிறுத்திவிட்டுப் போகிறாள்.

அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை. ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஏன்?’ என்று எழுதினேன். அப்புறம் புரிந்தது. கடன் அடைந்துவிட்டால் பாசி வேறு கம்பெனிக்குப் போய்விடும். ‘ஏன்?’ என்பதை அடித்தேன்.

அந்த நாற்காலி எனக்குத் தெரியும். மலருக்கான அச்சுச் செலவை எங்கள் ஊர்க் கம்பெனிக்காரரிடம் வாங்க நானும் தலைமையாசிரியரும் போனபோது நான் உட்கார்ந்தது அதில்தான். எங்களுக்கும் சாஸரோடு டீ வந்தது. எங்களைக் காக்க வைக்கவில்லை.

அவள் அம்மாவுக்கு அப்போதும் அவரிடம் பாக்கி இருந்தது. இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் செய்ததற்கு அதுதான் காரணம். அச்சுச் செலவு காரணமில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

“கதை பிரமாதம்மா. ஆனா கொஞ்சம் மாத்தணும்” என்றேன். கம்பெனிக்காரர் கந்துவட்டிக்காரர் ஆனார். பெரிய மீசை. ஊர் தொண்டிக்கு அந்தப் பக்கம். நாற்காலியை எடுத்தேன். அந்தப் பெண்ணை வெயிலில் நிறுத்தினேன். கணக்கு நோட்டை அவள் முகத்தில் விட்டெறிந்து கெட்ட வார்த்தை பேச வைத்தேன். அச்சில் அது மூன்று புள்ளிகளாக வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டே நாளில் திருத்தி எழுதி வந்தாள். எழுத்துப்பிழைகூட இல்லை.

வெளியீட்டு விழாவுக்கு அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். (வேறு நிறத்தில் அவரை யார் பார்த்தது?) மேடையிலேயே கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி ஆளுங்க நம்ம சமுதாயத்துல இருக்கத்தான் செய்யுறாங்க. பிள்ளைங்க பயப்படாம எழுதணும்” என்று பேசினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கைதட்டல். நானும் தட்டினேன்.

விழா முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஐயா, இப்ப அவரு பாக்குறதுக்கே கெட்டவரா இருக்காரு.”

“ம்.”

“அதான் யாருக்கும் தெரியல.”

அதற்கு நான் என்ன சொன்னேன்? ‘அதுதாம்மா உனக்குப் பாதுகாப்பு’ என்று சொன்னதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். சக ஆசிரியை ஒருவரிடமும் அப்படித்தான் சொன்னேன். “நீங்க செஞ்சதுதான் சரி சார். அச்சுல வந்திருந்தா அந்த அம்மா மறுநாள் யாருகிட்டப் போய் நிக்கும்?” என்றார் அவர். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைக்கு நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. பந்தலுக்கு நாற்காலி கொண்டுவந்த வண்டிக்காரர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அவர் வேண்டுமென்றேதான் செய்தாரா என்றும் சில நாள் யோசிப்பேன். பத்துப் பேர் வந்துபோகிற இடம், மறந்திருக்கலாம். மறதிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா என்று உடனே இன்னொரு யோசனையும் வரும். மீசையும் வசவும் வைத்துவிட்டால் படிப்பவர்களுக்கு நிம்மதி, அந்த ஆள் நானில்லை என்று. சம்மர்ஸுக்கு மட்டும் மீசை வரைந்து கொடுத்திருந்தால், அந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லியே இருக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் கெட்டிக்காரத்தனம் இல்லை என்றாவது விட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கு அதே நோட்டு கைக்கு வந்தாலும் அச்சுக்குக் கொடுப்பேனா? கொடுக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் பிரதி என் பீரோவில்தான் இருக்கிறது. நீளநோட்டுக் காகிதம், ஆறு பக்கம், ஓரத்தில் அடிக்கப்பட்ட என் ‘ஏன்?’. பிளஸ் டூ முடிக்கிற சமயத்தில் அதைக் கேட்டு இரண்டு தடவை வந்தாள். ஆசிரியர் அறையில் உட்காரச் சொன்னேன். விடைத்தாள் திருத்தும் நேரம், கட்டுக் கட்டாகக் கிடந்தது. தேடி எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வாம்மா என்றேன்.