இவருக்கு ஆர் சோறு போட்டது?

நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். இந்தக் கிழமை நாவல் எடுத்தால் அடுத்த கிழமை யாராவது ஒருவருடைய வாழ்க்கைச் சரித்திரம் எடுக்க வேண்டும். அதைப் படித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் நாவல் அலுமாரி மறுபடி திறக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் மேல் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது மறந்திருக்காது.

படிக்காமலே திருப்பிக் கொடுக்கிற வித்தை எங்களுக்கும் தெரியும். முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். பிறந்த ஆண்டு, பெற்ற பட்டம் என்று கேட்டால் தப்பிவிடலாம். மிஸ் அதையெல்லாம் கேட்க மாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "சரி பிள்ளை, இவருக்கு ஆர் சோறு போட்டது?" என்பார்.

"அவரின்ரை அம்மா, மிஸ்."

"அது எல்லாருக்கும்தானே. அம்மாவுக்குப் பிறகு?"

அங்கேதான் மாட்டுப்படுவோம்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற எங்கள் வயது அங்கத்தவர்களுக்காக நல்ல வாழ்க்கை வரலாறுகள் சிலவற்றைச் சொல்லி எழுதித் தாருங்கோ அக்கா என்று எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டார். பத்து, இருபது என்று பட்டியல் போடுவது எனக்கு ஒத்துவராது. இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கிற நினைவு மலர் மாதிரியான சரித்திரங்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. பிறந்தார், படித்தார், உழைத்தார், உயர்ந்தார், எல்லோராலும் நேசிக்கப்பட்டார். தேர்தலுக்கு முன் அரசியல்வாதிகள் ஆள் வைத்து எழுதுவிக்கிற புத்தகங்களும் இந்த இனம்தான். அவற்றில் யாரும் யாருக்கும் சோறு போட்டிருக்க மாட்டார்கள். தலைவர் தானாகவே வளர்ந்திருப்பார். மிஸ்ஸின் கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொல்கிற சில புத்தகங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் கணக்கில் முதலிடம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 தொடக்கம் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் பாதியில் நின்று, 1950இல் புத்தகமானது. ஏடு தேடிய தாத்தா என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு ஒதுக்கிவைத்தவர்கள்தான் எங்களில் அதிகம். உண்மையில் அதன் முதல் பாதியில் ஏட்டைவிடச் சாப்பாடும் பாட்டும்தான் கூட. தமிழ் படிக்க ஆசைப்படுகிற மகனுக்காகத் தகப்பன் வேங்கடசுப்பையர் ஊர் ஊராகக் குடிபெயர்கிறார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று எந்த ஊரில் தமிழ் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கிறாரோ அந்த ஊரில் குடித்தனம். அடுப்பு எரிவதை ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கண நூலான காரிகை சொல்லிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் மாயூரமும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்.

பிள்ளையவர்களுக்கே எப்போதும் கடன். ஆனாலும் தன்னிடம் வந்த மாணவர்களுக்குப் பாடத்தோடு சாப்பாட்டுக்கும் வழி பார்த்தவர். சாமிநாதையர் தன் பெயரில் எழுதிய இந்தச் சரித்திரத்துக்குக் கதாநாயகன் அந்த ஆசிரியர்தான் என்பது என் கட்சி. 1876 பெப்ரவரி 1ஆம் திகதி திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிகிற இடத்தைப் பாருங்கள். சைவப் பெரும்புலவரைச் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் தன் மார்பில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்து சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். அழவைக்க வேண்டும் என்று ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. வேகமாக வாசிக்கிற ஆள் நான், அந்தப் பக்கத்தில் மட்டும் வேகம் போய்விடும்.

அதற்குப் பிறகு 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிற அத்தியாயம். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தான் படித்த எல்லாவற்றையும் இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். அவ்வளவுதான், மனிதருடைய வாழ்க்கையே திசைமாறுகிறது. 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. எங்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளையும் இந்தப் பக்கங்களில் வருகிறார். பதிப்பு வேலையில் இருவருக்கும் இடையில் இருந்த போட்டியை ஐயர் தன் பக்கத்திலிருந்துதான் எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்கள் சிலருக்கு அது கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் படியுங்கள். மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் முழுப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது, கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

காந்தியின் 'சத்திய சோதனை'யை மிஸ் எல்லோர் கையிலும் திணிப்பார். 1925 கடைசியில் குஜராத்தியில் தொடராகத் தொடங்கியது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. உணவுப் பரிசோதனை அத்தியாயங்கள் எனக்கு அன்றும் அலுத்தன, இன்றும் அலுக்கின்றன. ஆனால் 1898இல் டர்பன் வீட்டில் நடந்ததை அவர் மறைக்கவில்லை. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியை முகம் கோணாமல் எடுக்க வேண்டும் என்று மனைவியிடம் கத்தி, கையைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார். எங்கள் வகுப்பில் ஒருத்தி இதைப் படித்துவிட்டு, "மிஸ், இவருக்குச் சோறு போட்டது கஸ்தூர்பா. இவர் அவவுக்கு..." என்று தொடங்க, மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். அப்போது மிஸ் சிரித்தாரா இல்லையா என்பதில் எங்கள் வகுப்புக்குள் இன்றைக்கும் தகராறு.

எங்கள் ஊரைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது லெனார்ட் வுல்ஃப் எழுதிய 'குரோயிங்'. பிற்காலத்தில் வர்ஜினியா வுல்ஃபைக் கலியாணம் கட்டியவர் என்றுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும். 1904 டிசம்பரில், 24 வயதில், வால்டேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியோடும் சார்ள்ஸ் என்ற நாயோடும் கொழும்புக்கு வருகிறார். அடுத்த மாதம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகத்தில், வேலை, கோட்டை மதிலில் பங்களா. அவருக்குச் சோறு போட்டது எங்கள் பூட்டன்மார் கட்டிய வரி. ஒரு நாள் பிரதான வீதியில் குதிரையில் போகும்போது சவுக்கை நீட்டி எதையோ காட்டுகிறார். தன் முகத்தில் வேண்டுமென்றே அடித்ததாக ஒரு தமிழ் வழக்கறிஞர் முறைப்பாடு செய்கிறார். விஷயம் கவர்னர் வரைக்கும் போகிறது. அடிக்கவில்லை என்றுதான் வுல்ஃப் கடைசி வரைக்கும் சொல்கிறார். ஆனால் 1961இல், எண்பது வயதில் இதை எழுதும்போது அதோடு விடவில்லை. அவர்களுடைய ஊர்த் தெருவில் நான் அப்படித் திமிரோடு குதிரையில் உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்த மாதிரித்தான், அவர்களுக்கு அப்படித் தோன்றியது நியாயம் என்கிறார். பதவியில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் இப்படி ஒரு பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் படித்தது யாழ். பொது நூலகத்துப் பிரதி. 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது சாம்பலாகியிருந்த 97,000 புத்தகங்களோடு அதுவும் போயிருக்கும். இப்போது என்னிடம் இருப்பது லண்டனில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியது.

டொமினிக் ஜீவாவின் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை, பலருக்கு அவரைத் தெருவில் கண்ட நினைவே இருக்கும். சலூன் தொழிலில் இருந்துகொண்டு கதை எழுதி, 1966இல் 'மல்லிகை' தொடங்கி, இதழைத் தானே கையில் கொண்டு திரிந்து விற்ற மனிதர். தன்னைப் படிக்க விடாமல் செய்த சாதித் திமிரையும், தனக்குச் சோறு போட்ட தொழிலையும் ஒரே மூச்சில் சொல்கிறார். வெட்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பழைய மல்லிகை இதழ்கள் பலவற்றை 'நூலகம்' இணையத்தளத்தில் பார்க்கலாம்.

இங்கே ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு மைக்கேல் ஒண்டாச்சி கிட்டத்தட்ட ஊர்க்காரர். 1982இல் வந்த 'ரன்னிங் இன் த ஃபேமிலி' அவர் தன் பேர்கர் (ஐரோப்பிய வழிவந்த பறங்கியர்) குடும்பத்தைப் பற்றி எழுதியது. கேம்பிரிட்ஜில் படிப்பதாகச் சொல்லி, பல்கலைக்கழகத்தில் சேராமலே இரண்டரை வருஷம் பெற்றோரின் காசில் வாழ்ந்த தகப்பன். 1947இல் நுவரெலியா வெள்ளத்தோடு போன அம்மம்மா லல்லா. இதில் எது நடந்தது, எது கட்டிச் சொன்னது என்று பிரிக்கப் பார்த்தால் புத்தகம் ருசிக்காது. அவரும் அதை மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய கவர்னர் மாளிகையில் ஒரு மத்தியான நேரம் வருகிறது, இனக்கலவர விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்க வந்த உறவினரின் வீடு அது. வெளியே கலவரத்துக்கு விசாரணை, உள்ளே பழைய குடும்பக் கதை. எனக்கு அந்த இடத்தில் கோபம் வரும். பிறகு அவருடைய தாயாரின் பகுதி வரும்போது ஆறிவிடும். குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு, ஒரு சதம்கூடக் கேட்காமல் ஹோட்டல்களில் வேலைபார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய மனுஷி. ஆட்டமும் பாட்டமுமாக இருக்கிற அந்தப் புத்தகத்தில் சோறு போட்டவர் அவர்தான், அவருக்குக் கிடைத்த பக்கங்களோ கொஞ்சம்.

மிஸ் உயிரோடு இருந்திருந்தால் 'கருக்கு'வை அவர் கையில் கொடுத்திருப்பேன். தமிழ்நாட்டுத் தலித் எழுத்தாளர் பாமா 1992இல் எழுதிய தன் கதை. சிறுபிள்ளையாகப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், அவளுடைய தெருப் பெரியவர் ஒருவர் நாயக்கருக்கு வாங்கிய வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். சரியான பகிடி என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம்மவர் பொட்டலத்தைத் தொட்டால் அவர்களுக்குத் தீட்டு, அதனால்தான் என்கிறான். பாட்டி நாயக்கர் வீட்டில் மாடு கட்டி, சாணி அள்ளி முடித்த பிறகு, பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிற்பார். அந்த வீட்டுப் பெண் மிஞ்சிய சோற்றை உயரத்திலிருந்து அதில் கொட்டுவார். பாட்டி அதை ஏதோ கிடைத்தற்கரியது போல வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இவருக்கு ஆர் சோறு போட்டது என்று கேட்டால் இந்தப் புத்தகத்தில் பதில் நாயக்கர் வீடு அல்ல. அந்த வீட்டுக்கே சோறு விளைவித்துப் போட்டவர் பாட்டி. நெல்லும் தண்ணீரும் தீட்டும் எங்கள் ஊரிலும் எப்படி நடந்தன என்று தெரிந்தவர்களுக்கு இது அக்கரைக் கதையாக இராது. வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளிக் கொடுக்கக் காத்து நிற்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மெல்லிய புத்தகம்தான், ஒரு நாளில் முடிக்கலாம்.

நெல்சன் மண்டேலாவின் தன்வரலாற்றை வாங்கி வைத்திருப்பவர்கள் அதிகம், முடித்தவர்கள் குறைவு. பொறுமை இல்லாதவர்கள் றோபின் தீவுப் பகுதியிலிருந்து தொடங்கலாம், குற்றமில்லை. இந்தியக் கைதிக்கு நீளக் காற்சட்டையும் பாணும். ஆபிரிக்கக் கைதிக்கு அரைக் காற்சட்டையும் சோளக் கஞ்சியும். சிறைச்சாலை நிறம் பார்த்துச் சாப்பாடு அளந்த அந்த விவரத்தை அவர் ஆற அமரச் சொல்கிறார். இந்தத் தன்வரலாற்றின் முதல் வடிவத்தை அங்கேதான், எழுபதுகளின் நடுவில், இரவிரவாகக் களவில் எழுதினார். சக கைதிகள் அதைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் படியெடுத்தார்கள். மூலப் பிரதியைக் கொக்கோ டின்களில் அடைத்துச் சிறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மதில் கட்டக் கிடங்கு வெட்டியபோது ஒரு பகுதி பிடிபட்டு, படிக்கிற உரிமையை நான்கு வருஷத்துக்குப் பறித்தார்கள். பொடி எழுத்துப் பிரதி அதற்குள், 1976இல் விடுதலையான மக் மகராஜோடு வெளியே போய்விட்டது. முழுப் புத்தகம் வந்தது 1994இல்.

கடைசியாக, அடுத்த பனிக்காலம் முழுவதற்கும் போதுமானது ஒன்று. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனைப் பற்றி ரொபர்ட் காரோ எழுதுகிற வரலாறு. 1982, 1990, 2002, 2012 என்று இதுவரை நான்கு தொகுதிகள். எனக்கு ஜோன்சனில் ஒரு அக்கறையும் இல்லை, உங்களுக்கும் இராது. முதல் தொகுதியில் டெக்சாஸ் மலைக்காட்டுப் பெண்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதற்காகவே எடுங்கள். மின்சாரம் வராத காலத்தில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிச் சுமந்து கூனிப்போன தோள்களை அந்தக் கிழவிகள் காரோவுக்குக் காட்டியிருக்கிறார்கள். வாளியை அவர் கையில் கொடுத்து இழுத்தும் பார்க்கச் சொன்னார்களாம். ஜோன்சன் அந்த ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார் என்பது மற்றவர்கள் எழுதினால் ஒரு வரியில் முடிகிற விஷயம். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பட்டையும் துலாவும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாது.

காரோவுக்குச் சோறு போட்டது அவருடைய மனைவி ஐனா. முதல் புத்தகமான 'த பவர் ப்ரோக்கர்' முடியாமல் இழுபட்டுக் கையில் காசில்லாமல் நின்றபோது, அவரிடம் சொல்லாமலே வீட்டை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். பிறகு டெக்சாஸுக்குக் கூடவே போய் மூன்று வருஷம் தங்கி, ஆராய்ச்சியிலும் பாதி பாரம் சுமந்தார். 1935இல் பிறந்த காரோ ஐந்தாவது தொகுதியை இன்னும் தட்டச்சுப் பொறியில் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் தொகுதியை இப்போது எடுத்தால், நான்காவதை முடிக்கிற நேரத்தில் அதுவும் வந்தாலும் வரும்.